நன்மையும் நம்பிக்கையும்

நோயுற்ற குழந்தை மாத்திரையை விழுங்க மறுக்கிறது. தாய் அதனைப் பொடித்து, வாழைப்பழத்தினுள் மறைத்து ஊட்டிவிடுகிறாள். அதனை வஞ்சனை என்று எவரும் சொல்வதில்லை. தாயன்பின் ஒரு கூறு என்றே கருதிப் புன்முறுவலுடன் கடந்து விடுகிறோம்.

இதே செயலை வேறோர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். அறுபது வயதைக் கடந்த தந்தை. மருந்து உண்பதில் அவருக்கு நாட்டமில்லை. மகன் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், அவர் பருகும் கஞ்சியில் நாள்தோறும் மருந்தைக் கலந்து கொடுத்து வருகிறான். நோய் தணிகிறது. ஒரு நாள் உண்மை வெளிப்படுகிறது. அப்போது அந்தத் தந்தை, நோய் நீங்கியதே என்று மகிழ்வாரா? அல்லது, "என்னிடம் சொல்லியிருக்கலாமே, வாப்பாவுக்குச் சொன்னால் விளங்காது என்று எண்ணிவிட்டாயா?" என்று வருந்துவாரா? பெரும்பாலும் வருந்தவே செய்வார். மகன்மீது அவருக்குள்ள அன்பு குறையாது. ஆயினும் அன்று முதல் கஞ்சிக் கோப்பையை ஒரு கணம் உற்றுப் பார்த்த பிறகே வாயருகில் கொண்டு செல்வார்.

அந்த ஒரு கணப் பார்வையைப் பற்றியதே இக்கட்டுரை. மக்களின் உடல் நலத்தை நாடி அரசு பேசும்போது, அவர்களுடைய அறிவை நோக்கிப் பேச வேண்டுமா? அல்லது அவர்களுடைய மனத்தின் பலவீனங்களை அறிந்து, அவற்றின் வழியே அவர்களை நடத்திச் செல்லலாமா? பயன் நன்மையாக இருக்கும்வரை வழியைப் பற்றிக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். விடை எளிதன்று. ஆகவே, இம்முறையை வெளிப்படையாகவே கைக்கொண்ட ஒரு நாட்டின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அந்நாடு பிரிட்டன்.

* * *

மனிதன் எப்போதும் கணக்குப் போட்டு முடிவெடுப்பவன் அல்லன். பிறர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறான். நாளை வரும் பெருநன்மையைவிட இன்று கிட்டும் சிறு சுகத்தை நாடுகிறான். படிவத்தில் ஏற்கெனவே குறியிடப்பட்டிருந்தால் அதனை மாற்றாமல் விட்டுவிடுகிறான். இவற்றை முறையாகச் சோதித்து ஆராய்வதே நடத்தை அறிவியல். 2008ஆம் ஆண்டில் ரிச்சர்ட் தேலர், காஸ் சன்ஸ்டீன் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 'நட்ஜ்' என்ற நூலை வெளியிட்டனர். பக்கத்தில் அமர்ந்திருப்பவரை முழங்கையால் மெல்ல இடித்து ஒன்றைக் குறிப்பால் உணர்த்துகிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. சட்டமும் தண்டனையும் இன்றி, தேர்வுகளை அடுக்கி வைக்கும் முறையினாலேயே மக்களை நல்வழிப்படுத்தலாம் என்பது அவர்கள் கருத்து. தேலருக்கு 2017ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

2010ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு தன் அமைச்சரவை அலுவலகத்திலேயே இதற்கென ஒரு குழுவை அமைத்தது. மக்கள் அதனை 'நட்ஜ் யூனிட்' என்றே அழைத்தனர். 2014இல் அது ஒரு நிறுவனமாகத் தனியே பிரிந்து, பல நாட்டு அரசுகளுக்கும் ஆலோசனை கூறும் அளவுக்கு வளர்ந்தது.

இம்முறையில் நலமே இல்லை என்று சொல்லிவிடுவது அறமாகாது. ஒரு சான்றைப் பார்ப்போம். தேவையின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எழுதிக் கொடுப்பதனால் கிருமிகள் அம்மருந்துகளுக்கு அடங்காதனவாகி விடுகின்றன. 2014ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் தத்தம் பகுதியில் இம்மருந்துகளை மிகுதியாக எழுதிய மருத்துவ நிலையங்களுள் 1,581 ஐத் தெரிந்தெடுத்தனர். அவற்றில் ஏறத்தாழப் பாதிக்கு நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் சென்றது. உங்கள் பகுதியில் உள்ள நிலையங்களில் நூற்றுக்கு எண்பது உங்களைவிடக் குறைவாகவே இம்மருந்துகளை எழுதுகின்றன என்பதே அதன் சாரம். கடிதம் பெற்ற நிலையங்களில் மருந்து எழுதுவது ஏறத்தாழ 3.3 விழுக்காடு குறைந்தது. ஆறு மாதங்களில் 73,000க்கு மேற்பட்ட மருந்துச் சீட்டுகள் மிச்சமாயின. செலவு ஒரு கடிதத்தின் செலவுதான்.

இக்கடிதத்தில் பிறரைப் பார்த்து நடக்கும் மனித இயல்பு பயன்படுத்தப்பட்டது மெய்தான். ஆனால் அதில் சொல்லப்பட்டது உண்மை. அனுப்பியவர் யார் என்பதும், எதற்காக அனுப்பினார் என்பதும் தெளிவு. மருத்துவர் விரும்பினால், "என் நோயாளிகளின் நிலை வேறு" என்று அதனை ஒதுக்கி வைக்கவும் முடியும். "உங்கள் மனத்தை அசைக்கவே இப்படி எழுதினோம்" என்று அவரிடமே சொல்லியிருந்தாலும் கடிதத்தின் வலிமை பெரிதும் குன்றியிராது. இதனை நினைவில் கொள்வோம்.

மேலும், எதையேனும் முதலில் வைத்துத்தானே ஆக வேண்டும் என்று இக்கொள்கையினர் கேட்கும் கேள்வியும் நியாயமானதே. விருந்துப் பந்தியில் ஏதேனும் ஒன்று முதலில் பரிமாறப்பட்டே தீரும். காய்கறியை முதலில் வைப்பதனால் இறைச்சியை எவரும் பறித்துவிடவில்லை. ஆயினும் பந்தியில் வரிசையை அமைப்பது வேறு. பந்தியில் அமர்ந்திருப்பவர் மனத்தில் நடுக்கத்தை உண்டாக்குவது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

* * *

அவ்வாண்டு மார்ச் மாதம் கொரோனாத் தொற்று பிரிட்டனில் வேகமாகப் பரவியது. 23ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய நாள், அரசுக்கு ஆலோசனை கூறிய நடத்தை அறிஞர்களின் குழு ஓர் ஆவணத்தை அளித்திருந்தது. மக்களுள் கணிசமானோர் தமக்கு ஆபத்து உண்டென்று போதிய அளவு உணரவில்லை. அலட்சியமாக இருப்போரிடத்தில் அந்த ஆபத்துணர்வை, உள்ளத்தைத் தாக்கும் கடுமையான செய்திகளால் உயர்த்த வேண்டும் என்ற கருத்து அதில் இடம்பெற்றிருந்தது. அந்த ஆவணம் பின்னர் வெளியிடப்பட்டபோது, அரசு தன் மக்களை அச்சுறுத்தித் தன்வழிப்படுத்தியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

நாம் நடுநிலையோடு பேச வேண்டும். அச்சமூட்டுவதோடு நில்லாமல், ஆபத்தைக் குறைக்க மக்கள் என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று அதே ஆவணம் வலியுறுத்தியிருந்தது. விதிகளை மீறுவோர்மீது சமூகத்தின் வெறுப்பைத் திருப்பும் வழியையும் அது ஆராய்ந்தது. அதனால் சிலர் பழிக்கு ஆளாகி இன்னலுறக் கூடும் என்று எச்சரிக்கவும் செய்தது. எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். நோயோ பொய்யன்று. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இறப்புச் சான்றிதழ்களில் பின்னர் அந்நோயின் பெயர் இடம்பெற்றது. வெள்ளம் வரும்போது, "கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள்" என்று மெல்லப் பேசிக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது. ஆனால், "வெள்ளம் வருகிறது" என்று உரக்கக் கூவுவது உண்மையைச் சொல்வதே. அச்சம் அவ்வுண்மையிலிருந்து தானே பிறக்கிறது. "இவர்கள் போதிய அளவு அஞ்சவில்லை, இன்னும் சற்று அஞ்ச வைப்போம்" என்று அளவு பார்ப்பது வேறு செயல். முதலாவதில் சொல்பவர் உண்மைக்குக் கட்டுப்பட்டவர். இரண்டாவதில் அவர் பயனுக்குக் கட்டுப்பட்டவர். பயன் குறைந்தால் அச்சத்தின் அளவைக் கூட்டுவார். எண்பது வயது முதியவருக்கும் இருபது வயது இளைஞருக்கும் அந்நோயினால் நேரக்கூடிய ஆபத்து மிகப்பெரிதும் வேறுபட்டது. அந்த வேறுபாட்டை உள்ளபடி சொல்வது அறிவித்தல்; அது மங்கும்படி எல்லாரையும் ஒரே அளவுக்கு நடுங்கச் செய்வது அறிவித்தலாகாது.

அச்சத்தை அடுத்துக் குற்றவுணர்ச்சியும் கருவியாயிற்று. 2020 ஆகஸ்டில் பிரஸ்டன் நகர மன்றம், வீட்டிற்கு நோயைக் கொண்டு சென்று பாட்டியைக் கொன்றுவிடாதீர்கள் என்ற பொருளில் இளைஞர்களுக்கு ஒரு முழக்கத்தை வெளியிட்டது. 2021 ஜனவரியில் அரசே ஒரு விளம்பரத்தை நாடெங்கும் வைத்தது. உயிர்வளிக் கவசம் அணிந்த நோயாளி நம்மை நேரே பார்க்கிறார். அவர் கண்ணைப் பார்த்து, நான் விதிகளை வளைத்ததே இல்லை என்று உன்னால் சொல்ல முடியுமா என்பது கேள்வி.

இவை பலருடைய கால்களை வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கலாம்; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மூன்று தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பங்கள் அந்நாட்டில் நம் சமூகத்தாரிடையே மிகுதி. பேரன் கடையிலோ மருத்துவமனையிலோ வாடகைக் காரிலோ உழைத்து வந்து, அதே வீட்டில்தான் உறங்க வேண்டும். அவ்வீட்டில் மூதாட்டி ஒருவர் நோயுற்று இறந்துவிட்டால், அந்த முழக்கத்தைக் கேட்ட பிள்ளையின் நிலை என்ன? நோய் எந்தக் கதவு வழியே நுழைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் கொன்றவன் யார் என்ற கேள்விக்கு விடை மட்டும் அவன் நெஞ்சில் முன்கூட்டியே எழுதப்பட்டு விட்டது. விளம்பரத்தின் வெற்றியைக் கணக்கிடும் ஏட்டில் இந்தப் பிள்ளைக்கு ஒரு வரியும் கிடையாது.

இனி, விதிகளை வகுத்தவர்கள் எப்படி நடந்தனர்? ஊரடங்குக் காலத்தில் பிரதமரின் இல்லத்திலும் அதனை அடுத்த அரசு அலுவலகங்களிலும் நடந்த கூடல்களுக்காக 126 அபராதங்கள் விதிக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் பிரதமரும் அபராதம் செலுத்தினார். கண்ணைப் பார்த்துச் சொல் என்று கேட்டவர்களையே மக்கள் கண்ணைப் பார்த்துக் கேட்கும் நாள் வந்தது. ஒளிவின்றி உண்மையை மட்டும் சொல்லியிருந்த அரசுக்கும் அது தலைகுனிவாகவே இருந்திருக்கும். பிறருடைய குற்றவுணர்ச்சியைக் கருவியாகக் கொண்ட அரசுக்கோ அது இரட்டைத் தலைகுனிவாயிற்று.

* * *

நம்பிக்கை எங்ஙனம் செலவாகிறது, எங்ஙனம் ஈட்டப்படுகிறது என்பதற்கு நம் சமூகத்தாரைத் தொட்ட இரு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

2020 ஜூலை 30ஆம் நாள் இரவு. மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். மான்செஸ்டர் பெருநகரிலும் கிழக்கு லங்காஷயர், மேற்கு யார்க்ஷயர் ஆகியவற்றின் சில பகுதிகளிலும் வெவ்வேறு வீட்டார் ஒருவர் இல்லத்தில் ஒருவர் கூடக் கூடாது என்ற அறிவிப்பு, இரவு ஒன்பது மணிக்குமேல் அமைச்சரின் சமூக ஊடகப் பக்கத்தில் வெளிவந்தது. நள்ளிரவு முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிராட்ஃபோர்டு, பிளாக்பர்ன், ஓல்டம் முதலிய ஊர்களில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். மாவு பிசைந்து, இறைச்சி ஊறவைத்து, உறவினர் வரவை எதிர்நோக்கியிருந்த வீடுகளுக்கு அச்செய்தி எப்படிச் சென்றடைந்திருக்கும்! விதி தேவையானதாகவே இருந்திருக்கலாம். தொற்றும் அப்பகுதிகளில் உயர்ந்தே வந்தது. ஆனால் காரணத்தை விளக்கவோ, ஜமாஅத்தாரிடம் கலந்து பேசவோ நேரம் ஒதுக்கப்படவில்லை. மனித மனத்தை நுணுகி ஆராயும் அறிஞர்களை அருகில் வைத்திருந்த அரசுக்குப் பெருநாளிரவு ஒரு குடும்பத்துக்கு என்ன பொருளுடையது என்பது புலப்படாமற் போயிற்று.

மற்றொன்று தடுப்பூசி பற்றியது. 2020 நவம்பரில் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பில், பாகிஸ்தானிய, வங்காளதேச வம்சாவளியினருள் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் தாம் ஊசி போட்டுக்கொள்வது ஐயமே என்றனர். அதில் விலங்குக் கொழுப்புக் கலந்துள்ளதோ என்ற கலக்கம் சிலருக்கு. அரசு சொல்வதை நம்பலாமா என்ற ஐயம் பலருக்கு. இங்கே அச்சமூட்டும் சுவரொட்டி உதவவில்லை. 2021 ஜனவரியில் இமாம்கள் ஜும்ஆ உரைகளில் இதனை எடுத்துப் பேசினர். முஸ்லிம் மருத்துவர்கள் ஊசியில் என்ன உள்ளது, என்ன இல்லை என்பதை வரி வரியாக விளக்கினர். பர்மிங்காமில் அல் அப்பாஸ் இஸ்லாமிய மையம் தன் பள்ளிவாசலையே ஊசி போடும் நிலையமாகத் திறந்து விட்டது. கேட்டவர்களுக்கு விடை கிடைத்தது. விடை சொன்னவர் மறுநாளும் அதே தெருவில் அவர்களைச் சந்திக்க வேண்டியவர்.

இதில் கருதத்தக்க ஒன்று உண்டு. செய்தியைவிடச் செய்தி சொல்பவரே பெரிது என்பதும் நடத்தை அறிவியலின் பாடந்தான். 2010ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட கையேட்டில் முதலாவதாக இடம்பெறுவதே அதுதான். ஆகவே குற்றம் அறிவியலில் இல்லை. இமாம் தாம் ஆராய்ந்து தெளிந்ததைச் சொன்னார். மறுத்துக் கேட்டவருக்கு மறுமொழி கூறினார். அவரே, கூலிக்கு மாரடிப்பவர்போல் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்திருந்தால், பல்லாண்டுகளாக மக்கள் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கை ஒரே நாளில் செலவழிந்திருக்கும்.

* * *

இன்னும் நுட்பமான ஒரு வழக்கும் உள்ளது. இறந்தவரின் உறுப்புகளைத் தானமாகப் பெறுவதில், மறுத்துப் பதிவு செய்யாதவர் இசைந்தவராகவே கருதப்படுவார் என்ற சட்டம் வேல்ஸில் 2015 டிசம்பரிலும், இங்கிலாந்தில் 2020 மே மாதத்திலும் நடைமுறைக்கு வந்தது. படிவத்தை மாற்றாமல் விட்டுவிடும் மனித இயல்பை நற்பணிக்குப் பயன்படுத்துவதே இதன் அடிப்படை. உறுப்புக்காகக் காத்திருந்தே மடிவோரை எண்ணும்போது, இதன் நோக்கத்தை எவர் குறை கூறுவார்? மறுக்க விரும்புவோர் மறுக்கலாம். தம் மார்க்க நம்பிக்கையைப் பற்றிக் குடும்பத்தாரிடம் கலந்து பேச வேண்டும் என்று பதிவேட்டில் குறிப்பிடவும் இடமுண்டு.

ஆனால் விளைவு என்ன? நடைமுறையில், குடும்பத்தார் மறுத்தால் உறுப்புகள் எடுக்கப்படுவதில்லை. இங்கிலாந்தில் அடுத்து வந்த ஆண்டுகளில் குடும்பத்தாரின் இசைவு விகிதம் உயரவில்லை, சரிந்தது. இதற்குக் காரணம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் மருத்துவமனைக் கூடத்தில், கண்ணீரோடு நிற்கும் மனைவியிடமும் மக்களிடமும், "அவர் மறுத்துப் பதிவு செய்யவில்லை, ஆகவே இசைந்தார்" என்று சொல்வதில் எவ்வளவு வலு இருக்க முடியும்? அவர் ஒருநாள் உணவுப் பாயில் அமர்ந்து, "எனக்கு ஏதேனும் நேர்ந்தால் இதைச் செய்யுங்கள்" என்று வாய்திறந்து சொல்லியிருந்தால், அச்சொல் அவர்களைத் தாங்கி நிற்கும். மௌனம் அப்படித் தாங்குவதில்லை. மனிதனின் சோம்பலைப் பயன்படுத்தி ஒரு பதிவேட்டை நிரப்பலாம். குடும்பங்கள் தங்களுக்குள் பேசித் தெளிய வேண்டியதை அது ஈடு செய்யாது.

அரசுகள் மட்டுமே இதில் எண்ணிப் பார்க்க வேண்டியவை என்று நாம் கருதவில்லை. நாமும் வீடுகளில் பேச வேண்டியதைப் பேசாமல், படிக்க வேண்டியதைப் படிக்காமல், "எல்லாரும் என்ன செய்கிறார்களோ அதையே செய்வோம்" என்று இருந்தால், நம் மனத்தின் கடிவாளத்தை நாமே பிறர் கையில் கொடுத்தவர்கள் ஆவோம்.

* * *

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஓர் அளவுகோலை நாம் வகுத்துக்கொள்ளலாம். ஒரு செய்தி உண்மையின் அளவை மீறாதிருக்க வேண்டும். கேட்பவர் மறுப்பதற்கும் வினவுவதற்கும் அதில் இடமிருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அதனைக் கையாண்ட முறையை அவர்களிடமே திறந்து சொல்ல முடிய வேண்டும். இந்த மூன்றாவது நாம் புதிதாகக் கண்டதன்று. மக்கள் முன்னிலையில் வெளிப்படையாக நியாயம் சொல்ல இயலாத வழியை அரசு கைக்கொள்ளலாகாது என்று தேலரும் சன்ஸ்டீனும் தங்கள் நூலிலேயே கூறியுள்ளனர். மருத்துவர்களுக்குச் சென்ற கடிதம் இந்தச் சோதனையில் தேறுகிறது. பள்ளிவாசலில் நடந்த ஊசிப் பணி தேறுகிறது. "நீங்கள் போதிய அளவு அஞ்சவில்லை, ஆகவே அஞ்ச வைக்கிறோம்" என்பதை எந்த அமைச்சரும் மேடையேறிச் சொல்லத் துணியமாட்டார். சொல்லத் துணியாததே அதன் தீர்ப்பு.

வெளிப்படையாகச் சொன்னால் உயிர்கள் போய்விடுமே என்று இறுதியாக ஒரு மறுப்பு எழலாம். எளிதில் ஒதுக்கத்தக்க மறுப்பன்று அது. ஆனால் நோய் ஒருமுறை மட்டுமே வருவதில்லை. இன்று அச்சத்தால் நூறு பேரை வீட்டில் இருத்திய அரசு, நாளை வேறொரு நோய் வரும்போது அதே நூறு பேரிடம்தான் பேசியாக வேண்டும். அப்போது அவர்கள், "இதுவும் அளந்து கொடுக்கப்பட்ட அச்சந்தானோ?" என்று ஐயுற்றால், உண்மையான எச்சரிக்கையும் வீணாகும். அந்த ஐயத்தினால் போகும் உயிர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? அவ்வாறு ஐயுறுவோரில் முன்னணியில் நிற்பவர்கள், ஏற்கெனவே அரசை நம்பக் காரணம் குறைந்த ஏழைகளும் சிறுபான்மையினருமே ஆவர்.

ஒருவருடைய பலவீனத்தை அறிந்திருப்பது ஓர் அமானிதம். மருத்துவர் நம் உடலின் குறையையும், நண்பர் நம் மனத்தின் குறையையும் அறிவர். அறிந்ததனாலேயே அவர்கள்மீது கடமை கூடுகிறது, உரிமை கூடுவதில்லை. மக்கள் மனத்தின் நெளிவு சுளிவுகளை அரசு அறிந்துகொள்ளட்டும். அந்த அறிவைக் கொண்டு படிவங்களை எளிதாக்கட்டும், மொழியைத் தெளிவாக்கட்டும், மருத்துவமனைக்குச் செல்லும் பாதையைச் சீராக்கட்டும். மனத்தின் பின்கதவு தெரிந்துவிட்டது என்பதற்காக, முன்கதவைத் தட்டும் கடமையிலிருந்து அது விடுபட்டுவிடாது.

கஞ்சியில் மருந்து கலந்த அந்த மகனுக்கும் நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: தந்தையின் அருகே அமர்ந்து பேசு. அவர் மறுப்பார், மீண்டும் பேசு. சற்றுக் காலம் பிடிக்கும். ஆனால் ஒரு நாள் அவர் தாமே கைநீட்டி அம்மருந்தை வாங்குவார். அன்றைக்குப் பிறகு அவர் கோப்பையை உற்றுப் பார்க்க வேண்டியிராது.